நூற்றெட்டு அங்குலமும் சொச்சமும்

முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை
நூற்றெட்டு அங்குலம், கொஞ்சம் சொச்சம்.
டெட்ராய்ட்டில் யாரும் அதை உருட்டி ஜெபிக்கவில்லை.
பெட்ரோல் விலை ஏறியது.
கப்பல்போல் கிடந்த காரை
வரைபலகையில் கிடத்தி
முன்னும் பின்னும் நறுக்கினார்கள். அவ்வளவுதான்.

எழுபத்தேழு, ஆகஸ்ட்.
மாசச்சூசெட்ஸ், ஃப்ரேமிங்ஹாம் ஆலை.
பின்கதவுக்குக் கண்ணாடி பொருத்துகிறாள்
ஃபிலோமினா ஃபுர்டாடோ,
அசோரஸ் தீவிலிருந்து வந்து ஒன்பது வருடம்.
கண்ணாடி, ரப்பர், உள்ளங்கையால் ஒரு தட்டு.
கண்ணாடி, ரப்பர், ஒரு தட்டு.
சுற்றும் கைப்பிடி எங்கே என்று
முதல் நாள் பெட்டிக்குள் தேடினாள்.
கிடையாது. இது இறங்காத கண்ணாடி.
கதவைக் குடைந்து
முழங்கைக்கு இடம் பிடித்திருக்கிறார்களாம்.
மேஸ்திரி தெபோ சொன்னான்:
“எல்லோருக்கும் முழங்கை உண்டு.
எல்லோருக்குமா காற்று வேண்டும்?”

ஆலைத் தள்ளுபடியில் அவளும் ஒன்று வாங்கினாள்,
வெண்ணெய் நிறத்தில், ஒரு ப்யூக் செஞ்சுரி.
தரை நடுவே நீளமாய் ஒரு மேடு:
எஞ்சினின் முறுக்கு
அதன் அடியில் தண்டாக ஓடி
பின்சக்கரத்தை உந்தும்.
இரண்டு அக்காக்களுக்கு நடுவே
மேட்டின் இருபுறமும் கால்போட்டுக்
குதிரை ஓட்டினான் கடைக்குட்டி நேலியோ.
கேப் காட் போகிற ஜூலை நெரிசலில்
அங்கேயே வாந்தியும் எடுத்தான்.
“யாரும்மா இந்த ஜன்னலை அடைச்சது?”
அவள் சாலையைப் பார்த்தே ஓட்டினாள்.

அந்தச் சட்டகத்தின் பெயர் ஏ.
பழந்தமிழில் ஏ என்றால் அம்பு;
அது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.
எண்பத்திரண்டில் புதியது வந்தது,
முன்சக்கரம் இழுத்துப் போகும் கார்.
ஏ என்ற எழுத்தை அதற்குக் கொடுத்துவிட்டுப்
பழையதை ஜி என்றார்கள்.
அதே இரும்பு, அதே நூற்றெட்டு.
உயிரோடு இருப்பவன் பெயரைக் கழற்றி
அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சூட்டினாலும்
ஷிஃப்டு மணி நேரத்துக்கு அடிக்கிற இடம், ஆலை.

புதியதில் கைப்பிடி இருந்தது.
முதல் காரின் கண்ணாடியை ஃபிலோமினா
இறக்கினாள், ஏற்றினாள், இறக்கினாள்,
தெபோ கத்தும் வரைக்கும்.

ஜி மற்ற ஊர்களில் பிழைத்தது.
பாக்தாதுக்கென்று கட்டியவற்றில் சில ஆயிரம்
போகாமலே நின்று
வின்னிபெக் பனியில் முக்கிக் கிளம்பின.
மிச்சிகனில் சிலவற்றுக்குக் கருப்பு பூசி
டர்போ மாட்டினார்கள்.
சாகும் தறுவாயில்தான் அதற்கு
ஓடவே தெரியும் என்று ஊருக்குத் தெரிந்தது.
பிறகு அதுவும் முடிந்தது.
ஃப்ரேமிங்ஹாமில் புதிய ஏ-யும் முடிந்தது.
தெபோ ஃப்ளோரிடா போனான்.
இருபது குளிர்காலத்துச் சாலை உப்பு
மிச்சத்தைத் தின்றது.

இரண்டாயிரத்து நாலு, ஜூன்.
லாரன்ஸிலிருந்து வந்தான் வில்ஃப்ரெடி பாயெஸ்,
அறுநூறு டாலர், எல்லாம் சில்லறை நோட்டு.
குனிந்து நிமிரும் கார் செய்யப் போகிறானாம்,
நாலு சக்கரத்துக்கும் நாலு பம்ப்.
உடல் வேறு சட்டகம் வேறாய் வரும் கார்
இப்போது எங்கே கிடைக்கிறது என்றான்.
பின்சக்கரத்துக்கு மேலே
இரும்பு பிஸ்கட்டாய் உதிர்ந்தது;
பற்றவைத்துக்கொள்கிறேன் என்றான்.
மல்லாந்து படுத்து டேப் பிடித்தான்.
இடப்பக்கம் நூற்றெட்டு. வலப்பக்கம் நூற்றெட்டு.
சொச்சமும் அப்படியே இருந்தது.

நோட்டுகளை எண்ணாமல் பையில் திணித்துவிட்டு
ஃபிலோமினா பின்கதவைத் திறந்து
உள்ளே உட்கார்ந்து சாத்திக்கொண்டாள்.
எப்போதும் ஓட்டியவள் அவள்.
இங்கே உட்கார்வது இதுதான் முதல் தடவை.
வினைல் தொடையில் ஒட்டியது.
வலது கை தானாகக் கதவைத் தடவித் தேடியது.
ஒரு பள்ளம்.
முழங்கை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

வெளியே வில்ஃப்ரெடி
எதையாவது மறந்துவிட்டாளா என்று கேட்டான் போல.
கண்ணாடிக்கு அப்பால்
அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.