மழை என்ற சொல் இல்லாத கதை

மூன்றாம் முறை படிக்கிறேன், இம்முறை பென்சிலோடு.
ஆகஸ்ட் குளிர். மொண்டேவிடியோவில் இரவு இரண்டு மணி.
மருந்துக்கடையின் ஷட்டரை இறக்கியாயிற்று;
ஒரு கை நுழையும் அளவுக்குச் சன்னல் மட்டும் திறந்திருக்கிறது.
பால் கலந்த காப்பி நிறத்து ஆறு
இரண்டு தெரு தள்ளிக் கரையை அறைந்துகொண்டிருக்கிறது.
மாத்தே தேநீர் எப்போதோ ஆறிவிட்டது.

பதினோரு பக்கக் கதை.
ஒருவன் தன் தம்பியின் படகை விற்கப் போகிறான்.
விலை பேசுகிறார்கள். விற்கிறான். அவ்வளவுதான்.
முதல் முறை அழுதேன்.
எந்த இடத்தில் அழுதேன் என்று பார்க்கத்தான்
இரண்டாம் முறை எடுத்தேன்.
பார்க்க மறந்து, அழுதேன்.
இன்று ஏமாறுவதாக இல்லை.

மழை பெய்த பக்கத்திலிருந்து தொடங்கலாமென்று
மழையைத் தேடினேன்.
நான்காம் பக்கத்தில் இல்லை. ஐந்திலும் இல்லை.
முன்னும் பின்னும் புரட்டி
விரலை வரிமேல் வைத்து நகர்த்தி
பதினொன்றையும் முடித்தேன்.
மழை என்ற சொல்லே
கதையில் இல்லை.

நான் நனைந்தேனே!
அந்தத் துறையில் கொட்டு கொட்டென்று கொட்டியதாகக்
கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்திருப்பேன்.

மறுபடி முதலிலிருந்து.
வாங்க வந்தவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறான்.
நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்
இரண்டாம் தடவை எண்ண வேண்டியிருக்கிறது.
கரையில் கவிழ்த்துவைத்த படகுக்கு அடியில்
ஒரு நாய் போய்ப் படுத்துக்கொள்கிறது.
மூன்று சொட்டு.
மீதியைப் பெய்தது நான்.

தம்பிக்கும் இதே கணக்குத்தானா?
தம்பி ஒரே ஓர் இடத்தில் வருகிறான், பேரம் படியாதபோது:
"போன மாதம்தான் தம்பி இதற்குத் தார் பூசினான்."
படகு பழசில்லை என்று காட்டுவதற்காகச் சொல்கிறான்.
செத்தான் என்று யாரும் சொல்லவில்லை.
வாங்க வந்தவன் அதற்குமேல் பேரம் பேசவில்லை,
கேட்ட விலையை எண்ணத் தொடங்குகிறான்.
அங்கேதான்.
ஓரத்தில் அழுத்திக் கோடு போட்டேன்,
பென்சில் முனை ஒடிந்தது.

(ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி சொத்தை.
கடலின் அமைதி பற்றி என்னவோ.
அதைக் கண்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்,
மறைப்பானேன்.)

சன்னலைத் தட்டினான் ஒருவன்.
குழந்தைக்குக் காய்ச்சல்.
வயது? பதினான்கு மாதம்.
எடை?
யோசித்தான். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி
வெறுங்காற்றில் ஒரு கனத்தைத் தூக்கிப் பார்த்தான்.
"ஒன்பது கிலோ இருக்கும்."
எத்தனை மில்லி என்று புட்டிமேல் எழுதிக் கொடுத்தேன்.
அவன் தெருவைக் கடக்கும்போதுதான் கவனித்தேன்,
ஒரு காலில் ஷூ,
மறு காலில் வீட்டுச் செருப்பு.

இழுப்பறையில் நான்கு மாதமாக என் கதை கிடக்கிறது.
அக்கா நெரேயா ஸ்பெயினுக்குப் போன நாள்.
'பெருந்துயரத்தோடு' என்று ஆரம்பித்திருக்கிறேன்.
இதயம் இரண்டு இடத்தில் நொறுங்குகிறது.
மழை ஏழு இடத்தில். எண்ணினேன்.
ஏழையும் அடித்தேன். இதயங்களை அடித்தேன்.
பக்கத்தில் மிஞ்சியது
ஒரு விமான நிலையமும் இரண்டு பெண்களும்,
அவர்களுக்கும் செய்ய ஒரு வேலை இல்லை.

அப்புறம் ஞாபகம் வந்தது.
பெட்டி எடை கூடிப்போய்
வரிசையில் எல்லாரும் பார்க்கத் தரையில் திறந்து
இஸ்திரிப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.
"வயரைப் பத்திரமாகச் சுற்றிவை" என்றாள்.
அதை மடியில் வைத்துக்கொண்டுதான்
பஸ்ஸில் வீடு திரும்பினேன்.
துயரத்துக்கு இடம் வேண்டுமென்று
இதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

எவ்வளவு கனம் இருந்தது?
ஆளில்லாத கடையில் கைகளை முன்னே நீட்டுகிறேன்.
ஒன்றரைக் கிலோ. இல்லை, கூட.

ஆறு மணிக்கு லௌதாரோ வந்து ஷட்டரைத் தூக்குவான்.
பென்சிலைச் சீவ வேண்டும்.
அதற்குள் ஒரு வரி
வந்தால் உண்டு.