ஒரே லாக்கர்

டிக்கெட் வாங்கியது போன நவம்பரில்.
அப்போது நாங்கள் கணவன் மனைவி.
கோர்ட்டில் எல்லாவற்றையும் பங்கு பிரித்தோம்.
கார் அவனுக்கு. அடுப்பும் நாயும் எனக்கு.
கண்ணாடி அலமாரி யாருக்கும் வேண்டாமென்று
அவன் அக்கா வீட்டுக்குப் போனது.
இந்த இரண்டு டிக்கெட்டுகளை மட்டும்
இரண்டு வக்கீல்களும் மறந்துபோனார்கள்.

"நீ போகிறாயா?" என்று ஒரு குறுஞ்செய்தி.
"நீ?" என்று நான்.
அதற்கப்புறம் பதினொரு நாள் ஒன்றுமில்லை.

கத்தோவித்செ.
நகரின் நடுவே இறங்கிய பறக்கும் தட்டு
திரும்பிப்போக மறந்து அரங்கமானது போலிருக்கும் அந்தக் கட்டடம்.
வாசலில், மூன்று டிகிரி குளிரில்,
பன்னிரண்டாயிரம் பேர்.
முன்னால் நின்றவள் முழங்கால்வரை கம்பளி பூட்ஸ்,
அதற்கு மேல் ஏறக்குறைய எதுவுமில்லை.
பின்னால் ஒருவன் செக் நாட்டுக் கொடியைப் போர்த்தியிருந்தான்.
லெஷெக், வேலைக்குப் போகும் அதே ஜாக்கெட்டில்.

லாக்கர் ஒன்றுதான் மிச்சமிருந்தது.
நான்கு இலக்கம் கேட்டது.
அவன் விரல் யோசிக்காமல் அழுத்தியது
எங்கள் கல்யாணத் தேதியை.
"மாற்றவா?" என்றான்.
வரிசை நிற்கிறது, விடு என்றேன்.
என் கோட்டின்மேல் அவன் ஜாக்கெட்டைத் திணித்து
கதவை முழங்காலால் அடைத்தோம்.

உள்ளே இருந்ததைச் சத்தம் என்றால் தப்பு.
காதுக்கு அது வருவதே இல்லை.
தரை வழியாகப் பாதமேறி
முழங்காலில் கொஞ்சம் தங்கி
நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து
இதயத்தை நகர்ந்து உட்காரச் சொல்லும்.

எங்களுக்கு இது புதிதில்லை.
எழுநூறு மீட்டர் ஆழத்தில்
சுரங்கம் புரண்டு படுக்கும்போது
அலமாரிக் கோப்பைகள்
ஒன்றையொன்று தொட்டுச் சிணுங்கும்.
அவனுக்கு இரவு ஷிஃப்ட் என்றால்
அந்தச் சிணுங்கலுக்கு எழுந்து
சமையலறையில் வெறுங்காலோடு நிற்பேன்.
போன் வராத ஒவ்வொரு நிமிடமும் நல்ல செய்தி.
காலையில் வருவான்.
இமை விளிம்பில் கழுவியும் போகாத கரி,
யாரோ மை தீட்டி அனுப்பியதுபோல.
"தூங்கினாயா?" என்பான்.
"கட்டைபோல" என்பேன்.
இருபத்திரண்டு வருடம்.

இரண்டரை மணி.
மேடையில் ஒல்லியாக ஒருத்தி,
ஒற்றைக் காதில் ஹெட்ஃபோன்,
பயறில் கல் பொறுக்குகிறவளின் கவனம்.
பச்சை லேசர் தலைக்கு மேல் கூரை போட்டது,
போட்ட வேகத்தில் பிரித்தும் போட்டது.
யாரோ என் உள்ளங்கையில் சூயிங்கம் வைத்துவிட்டு
முகம் காட்டாமல் போனான்.
தண்ணீர் பதினைந்து ஸ்லோட்டி, பகல் கொள்ளை, அதுவும் இரவில்.
ஒரு பாட்டில் வாங்கினோம்.
நான் குடித்துக் கொடுத்ததை
விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடித்தான்.
ரயிலில் அறிமுகமானவன் போல.

அப்போது அவள் தாளத்தை எடுத்துவிட்டாள்,
சாப்பிட்டு முடிக்குமுன் தட்டை எடுப்பதுபோல.
மிச்சம் ஒரு நூல் ஒலி, ஏறிக்கொண்டே.
பன்னிரண்டாயிரம் பேர் கைகள் அந்தரத்தில்.
எல்லோருக்கும் தெரியும் அது திரும்பி வருமென்று.
காசு கொடுத்ததே அதற்குத்தான்.
என் பாதத்தில் மட்டும்
சமையலறைத் தரையின் குளிர்.

அவன் காதிலிருந்த மஞ்சள் பஞ்சைப் பிடுங்கினேன்.
"நான் தூங்கியதே இல்லை."
"என்ன?"
"தூங்கியதே இல்லை, லெஷெக். ஒரு ஷிஃப்ட்டிலும்."

அவன் உதடு 'தெரி' வரை வந்தது.
அதற்குள் விழுந்தது தாளம்.

தெரியுமா, தெரியாதா,
அந்த ஒளியில் வாயசைவை யார் படிப்பது.
ஆடினோம்.
அவன் எப்போதும்போல்
எட்டாத உயரத்தில் பல்பு மாட்டுகிறவனாய்.
நான் கண்ணை மூடிக்கொண்டு,
முதல்முறை, தரை அதிர அதிர
அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்து.

ஐந்தரைக்கு லாக்கரை நான் திறந்தேன்.
நான்கு இலக்கம். விரல் தடுமாறவில்லை.
அவன் ஜாக்கெட்டில் என் கோட்டின் நாய்முடி.
தட்டிவிடவில்லை அவன்.
வெளியே யாரோ சொன்னது எதுவும் கேட்கவில்லை,
காதுக்குள் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

எதிரெதிர் டிராம்கள்.
என்னுடையது முதலில் வந்தது.
வளைவில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தபோது
பழக்கதோஷம்,
போனை எடுத்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி பார்த்தேன்.