புழுங்கலரிசி

கந்தப்பளையில் மார்கழி.
குழாயைத் திறந்தால் வருவது தண்ணீரல்ல, ஊசி.
விடியுமுன் மூடை மூடையாய்க் கரட் கழுவி
தம்புள்ளை லொறிக்கு ஏற்றிவிட்டு
விரல்களை எண்ணிப் பார்ப்பேன்.
பத்தும் இருக்கும்.
பத்தும் யாருடையவோ போலிருக்கும்.

பின்லாந்தில் ஆறு வருஷம்
ஹோட்டல் படுக்கை விரித்த தவசீலன்
காசைவிட அதிகமாய்க் கொண்டுவந்தது
ஒரு யோசனை.
கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்
சைப்ரஸ் பலகை, இரும்படுப்பு, இரண்டு தட்டு வாங்கு.
சவுனா என்றான்.
லயத்தில் "ஆவி பிடிக்கிற காம்பரா" என்றார்கள்.
நான் வைத்த பெயர் புழுக்கறை.

முதல் நாள்
ஓயாவில் பொறுக்கிய கூழாங்கற்கள்,
வழவழவென்று, பார்க்க லட்சணமாய்.
வயிற்றுக்குள் எத்தனை காலத்துத் தண்ணீரோ,
சூடேறியதும் ஒன்று
தீபாவளி வெடியாய்ப் படீரென்றது.
நல்லவேளை, நாங்கள் வெளியே
பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தோம்.
கதவில் ஏறிய சில்லு இன்னும் இருக்கிறது.
பிடுங்க நான் விடவில்லை.

அதற்குப் பிறகுதான்
அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாய் வந்தது.
கல்லு குவாரியில எடுக்கணும், நல்லாக் காஞ்சது.
கதவு வெளிப்பக்கம் தொறக்கணும், கொண்டி கூடாது,
மயங்கிச் சாயிறவ தோள் பட்டாலே வழி விடணும்.
காத்து வரக் கீழ ஒரு ஓட்டை, போக மேல ஒண்ணு.
குடிச்சவனுக்கு எடமில்ல.
இந்தக் கடைசிச் சட்டம் கேட்டதிலிருந்து
பக்கத்து வீட்டு அமலோற்பவம்
தன் புருஷனை வாரம் ஏழு நாளும்
இங்கே அனுப்பப் பார்க்கிறாள்.

பிரஷர் குளிசை போடுகிற மச்சாள்
இராகலையிலிருந்து வந்தாள்.
டொக்டரைக் கேட்டுவிட்டு வா என்றேன்.
கோபித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.
அடுத்த போயாவுக்குத் திரும்பி வந்தாள்,
டொக்டர் அஞ்சு நிமிஷம் தந்திருக்கிறாராம்,
தனக்கும் ஒரு இடம் கேட்டாராம்.

"நகையக் கழட்டு" என்றான் என்னிடம்.
தோட்டைக் கழற்றினேன். மூக்குத்தியைக் கழற்றினேன்.
"அதையும்."
பதினெட்டு வருஷமாய்
கரட் சேற்றிலும் பிள்ளை பெற்ற கட்டிலிலும்
கழுத்தைவிட்டு இறங்காதது.
இறக்காமல்தான் உள்ளே போனேன்.
நான்காம் நிமிஷம்
நெஞ்சில் ஒரு நெருப்புப் பொட்டு.
இப்போதெல்லாம் வெளியே ஆணியில்
துவாய்க்குப் பக்கத்தில் அது தொங்கும்.
வானம் இடிந்து விழவில்லை,
பனிதான் இறங்குகிறது, வழக்கம்போல.

மேல்தட்டு அவனுக்கு. நான் கீழே.
சுவரில் முள் எண்பதைத் தொடாமல் நிற்கிறது.
பலகைக்கு அந்தப்பக்கம் ரேடியோ:
இரண்டு பாட்டு, ஒரு சவர்க்கார விளம்பரம்,
அவ்வளவுதான் என் கணக்கு.
ஒரு அகப்பைத் தண்ணீர் கல்லில்.
ஸ்ஸ்ஸ்.
காதுமடலில் ஏறி
முதுகில் வழிந்து இறங்குகிறது சூடு.
முழங்கை மடிப்பில், முழங்காலுக்குப் பின்னால்
கூப்பிடாமலே வியர்வை.

வேலை செய்யாமல் வியர்ப்பது
முதலில் எனக்கு வெட்கமாயிருந்தது.
இந்த மலையில் வியர்வைக்கு
எப்போதும் ஒரு செக்ரோல் இருந்தது.
ஸ்டோருக்குள் சூடெல்லாம் கொழுந்துக்கு,
வெளியே நின்றவர்களுக்குக் கம்பளி.
இன்றைக்கு யாரும் பெயர் போடாத வியர்வை
பலகையில் சொட்டிச்
சும்மா காய்கிறது.

மெல்ல எழும்பு என்பான்.
மெல்லத்தான் எழும்புவேன்.
தலை சுற்றுவதற்கு ஒரு நிமிஷம் கொடுத்து
படியில் உட்கார்ந்து
உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பேன்.
தோளிலிருந்து ஆவி கிளம்பி
பனியோடு கலக்கும்போது
எது மலையுடையது, எது என்னுடையது
என்று பிரிக்க முடியாது.
பச்சரிசியாய்ப் போனவள்
புழுங்கலரிசியாய் வந்திருக்கிறேன்.
குத்தினாலும் இனி லேசில் நொறுங்காது.

நேற்று அப்படியே போய்ப் படுத்துவிட்டேன்.
விடியற்காலை
லொறிக்காரன் ஹோர்ன் அடிக்க
கழுத்தைத் தொட்டபோதுதான் ஞாபகம் வந்தது,
ஆணி.

இருக்கட்டும்.
இன்னும் இரண்டு மூடை கிடக்கிறது.