கிளிமூக்கு, தோத்தாபுரி

மூன்றாம் வருடமும் லாபக்கோடு கீழே இறங்கியபோது
தேவராஜுலு சொன்னார்:
"நம்ம பத்துப் பேருக்கும் ஒரே மூக்கு.
கூழ் கொதிக்கிற வாசனைகூட இப்போ நமக்குத் தெரியறதில்ல.
அடுத்த அஞ்சு வருஷத் திட்டத்துக்கு
கேட்டுக்கு வெளியே இருந்து நாலு பேரைக் கூப்பிடுங்க."

குலசேகரன், வேலூரில் ஒரு பேராசிரியர் என்றார்.
எச்.ஆர்., சென்னையில் ஒரு கம்பெனி,
நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் என்றது.
பட்டியல் எழுதும் வேலை கணக்குப் பிரிவுக்கு வந்தது,
அதாவது எனக்கு.
எனக்குத் தெரிந்த வெளியாட்கள்
பரதராமிக்கு ஏழு பத்து பேருந்தில் என்னோடு வருகிறவர்கள்தான்.

ரெட்டெப்பா, குடியாத்தம் சித்தூர் தடத்தின் கண்டக்டர்,
ஒரு நாளில் எட்டு முறை மாநிலம் மாறுகிறவர்.
ஷம்ஷாத், அரசு மருத்துவமனையில் ரத்தம் சோதிப்பவள்.
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர்,
அவர் பேருந்து ஆள் இல்லை, எம்.டி.யின் சம்பந்தி சொல்லிவிட்டவர்.
முனிலட்சுமி வருகிறேன் என்றாள், வரவில்லை.
அன்று அவள் ஆடு குட்டி போட்டது.

ஏசி. முந்திரி. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.
வங்கி மேலாளர் நாற்பது நிமிடம்
தொண்ணூற்றிரண்டில் தான் வசூலித்த ஒரு வாராக்கடனைப் பற்றிப் பேசினார்.
கைதட்டினோம்.

ரெட்டெப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.
நாங்கள் திரையைப் பார்த்தோம், அவர் ஜன்னலை.
"அந்த ஒன்பது லாரியும்
என் முதல் டிரிப்லயே அங்கதான் நின்னுச்சு.
டிரைவருங்க குளிச்சு, சமைச்சு, தூங்கி எழுந்தாச்சு.
பழம் என்ன பண்ணும்?"
அப்போது திரையில்
'மூலப்பொருள் இழப்பு, காரணம்: பருவநிலை'
என்றிருந்தது.
குலசேகரன் பக்கத்தை வேகமாகத் தள்ளினார்.

அடுத்தது கொள்முதல் அட்டவணை.
இடப்பக்கம் தோத்தாபுரி, பதினொன்றே கால்.
வலப்பக்கம் கிளிமூக்கு, பன்னிரண்டரை.
ஷம்ஷாத் பள்ளிப்பிள்ளைபோல் கை தூக்கினாள்.
"இது ரெண்டும் வேற வேற பழமா?"

இல்லையம்மா, ஒரே பழம்தான்.
எல்லைக்கு இந்தப் பக்கம் காய்த்தால் கிளிமூக்கு,
அந்தப் பக்கம் காய்த்தால் தோத்தாபுரி.

"அப்போ ஏன் ரெண்டு விலை?
ஒரே ஆளோட ரத்தத்த ரெண்டு குப்பியில ஊத்தி
ரெண்டு பேரு போட்டு வச்சா
எனக்கு மெமோ குடுப்பாங்க, சார்."

வண்டி வாடகை, என்றார் ஒருவர்.
"அந்தப் பக்கத் தோப்புக்கு டிக்கெட் பன்னெண்டு ரூபா,
இந்தப் பக்கத் தோப்புக்குப் பதினெட்டு"
என்றார் ரெட்டெப்பா, ஜன்னலிலிருந்து திரும்பாமலே.
செக்போஸ்ட், என்றார் இன்னொருவர்.
அதை எடுத்து எத்தனை வருடம் ஆயிற்று
என்று அவரே யோசித்து நிறுத்திக்கொண்டார்.
கடைசியில் யாரோ சொன்னார்கள்,
நானாகக்கூட இருக்கலாம்:
"எப்பவும் அப்படித்தான்."

பதினாலு வருடமாக இரண்டு பெயரையும்
எழுதுவது என் கைதான்.
அந்தப் பக்கத் தோப்புகளில் ஒன்று
என் மாமனாருடையது.

போகும்போது ஆளுக்கொரு கவர், ஒரு டப்பா கூழ்.
ரெட்டெப்பா கவரைப் பிரித்து எண்ணி,
சில்லறை எதுவும் தரவேண்டியதில்லை என்பதை நம்பாமல்
இன்னொரு முறை எண்ணி,
ஒன்று நாற்பது வண்டிக்கு ஓடினார்.

ஆறு மணிக்கு எம்.டி. என் மேஜைப் பக்கம் வந்தார்.
"ரெண்டையும் சேர்த்துதான் பாரேன், எப்படி வருதுன்னு."
அது உத்தரவா, பேச்சுக்குச் சொன்னதா
என்று கேட்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

இரண்டு கட்டங்களையும் தேர்ந்தெடுத்து அழுத்தினேன்.
கம்ப்யூட்டர் கேட்டது:
இணைத்தால் இடது மூலையில் உள்ளது மட்டும் மிஞ்சும்.
மற்றது அழிந்துவிடும்.
சரியா?

வெளியே ஒரு லாரி எடைமேடை ஏறியது.
இடது மூலையைப் பார்த்தேன்.

பதினொன்றே கால்.