கணு

சனிக்கிழமை எட்டரைக்கு
ஓடைச்சரிவின் மேல்படியில் ஏழு பேர்.
வெலிங்டன் காற்று வழக்கம்போல்
தொப்பிகளிலேயே குறியாக இருக்கிறது.
மெரேயானா கையுறைகளைப் பங்கிடுகிறாள்,
இடதுகை மட்டுமே மிச்சமிருப்பதற்கு
மன்னிப்புக் கேட்டபடி.

பார்க்க அழகுதான், யாரும் மறுக்கவில்லை.
மூன்றிதழ் வெள்ளைப் பூ,
ஈரம் மினுங்கும் இலை,
சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்கு
ஒரே பச்சை மெத்தை.
மெத்தைக்கடியில் ஒரு கன்றும் எழுவதில்லை.
நிற்கும் மரங்கள் எல்லாம் கிழம்;
அவற்றுக்குப் பிறகு யாருமில்லை.

வாரு, சுருட்டு, பையில் திணி.
கம்பளம்போல் சுருண்டுதான் வருகிறது.
முடிந்தது என்று நிமிர்கையில்
ஒரு கணு அறுந்து மண்ணில் விழும்.
ஒரு கணு போதும் அதற்கு.
அதனால் மண்டியிட்டு,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
நகத்தளவுத் துண்டுகளைப் பொறுக்குகிறோம்.
ஆம்புலன்ஸ் ஓட்டும் ஃபெட்டு
இரவுப்பணியிலிருந்து நேரே வந்தவன்,
பொறுக்கிக்கொண்டே தூங்குகிறான்.

"ஒரு விசேஷம் தெரியுமா?" என்றாள் மெரேயானா.
"இந்த நாட்டுல இது விதையே வைக்கிறதில்ல.
யாராவது கொண்டுவந்து போடாம
இந்தச் சரிவுக்கு இது வந்திருக்காது."
எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
மேலே பதினொரு வீடுகளின் பின்வேலி.
நானும் பார்த்தேன்.
ஐந்தாவது என்னுடையது.

எண்பத்தேழாம் வருஷம்.
வாசலில் தொங்கிய கூடை வாடிக் கிடந்தது.
குப்பை வண்டி வர இன்னும் நான்கு நாள்.
காடுதானே, மக்கிப்போகும் என்று
வேலிக்கு மேலாக ஒரே வீச்சு.
கைமண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போய்
அடுப்பிலிருந்த ஆட்டுக்கறி வெந்துவிட்டதா என்று பார்த்தேன்.
அவ்வளவுதான் நடந்தது.

பதினொரு மணி வாக்கில்
கொலினின் வாரியில் ஏதோ மாட்டியது.
துருவேறிய கம்பிக்கூடை.
கொக்கி ஒடிந்த இடத்தில் செப்புக்கம்பி சுற்றியிருந்தது,
இடப்பக்கமாக.
ரெக்ஸ் எதைச் சுற்றினாலும் இடப்பக்கமாகத்தான் சுற்றுவார்.
"பாருங்க, கூடையோடவே தூக்கிப் போட்டிருக்கான்
புண்ணியவான்."
ஆள் ஆண் என்றே முடிவாகிவிட்டது.
இப்படிக் கொடுங்கள் என்று வாங்கி
பைக்குள் அடியில் வைத்தேன்.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.
அதற்குள் ஃபெட்டு கத்தினான்:
போன மாதம் சுருட்டிய இடத்தில்
ஒரு கவாகவா,
வெற்றிலைச் சாடையில் இரண்டே இலை.
அதிலொன்றைப் புழு முந்திக்கொண்டு
ருசி பார்த்திருந்தது.
ஏழு பேரும் பிரசவ அறை வாசலில் நிற்பதுபோல்
மூச்சடக்கிக் குனிந்து நின்றோம்.
அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது.

நாற்பத்தொரு பை என்று
மெரேயானா எழுதிக்கொண்டாள்.

வீட்டுப் பின்கட்டில் பூட்ஸைக் கழற்றினால்
அடிப்பள்ளத்தில் ஒரு கணு,
இலையோடு, நலமாக.
கெட்டிலை வைத்தேன்.
முதல் கொதி அதற்கு.
மிச்சத்தில் தேநீர்.