கைமாற்று

பைலட், உன் இடுப்பெலும்பு இன்று கார்டு மாறியது.
சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.
கிரிம்ஸ்பியில் மழை. கொட்டகைக்குப் பின்னால்
உன்மேல் போட்ட கற்பலகை சற்றே சாய்ந்திருக்கிறது.
கையில் இன்னும் காட் மீன் வாடை,
நீ இருந்தால் நக்கியிருப்பாய்.

கணக்கைக் கேள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு ஓவர்டிராஃப்ட்,
நூற்றுக்கு நாற்பது வட்டி.
உனக்கு எஃகு மூட்டு வைத்த மருத்துவர்
கைகுலுக்கும்போது சொன்னார், "இருபது வருடம் உழைக்கும்."
மூட்டைச் சொன்னார்.
நீ பதினான்கு மாதம் ஓடினாய்,
கிளீதார்ப்ஸ் மணலில், அலை பின்வாங்கிய தூரம்வரை,
யாருடைய சாண்ட்விச்சையோ கவ்விக்கொண்டு.
அப்புறம் ஒரு திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லை.
மண்ணுக்குள் அந்த எஃகு துருப்பிடிக்காமல் இருக்கும்.
வங்கியிலும் அப்படித்தான் இருந்தது.

நான்கு வருடமாக ஒவ்வொரு இருபத்தெட்டாம் தேதியும்
சம்பளம் வந்து விழும்.
கிணற்றில் போட்ட கல்லுக்காவது ஒரு சத்தம் உண்டு.
மாதம் அறுபத்து மூன்று வட்டிக்கே போகும்,
அசல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்,
குளிக்கக் கூப்பிட்டால் நீ உட்காருவாயே, அப்படி.

டைவாதான் சொன்னாள்,
ரொட்டித்தூள் வரிசையில் என் பக்கத்தில் நிற்கும் லிதுவேனியாக்காரி,
கூட்டல் கழித்தலில் புலி:
"சைபர் வட்டி கார்டு வாங்கு. பதினெட்டு மாதம்."
கேட்கப் போனால், போனில் ஒரு பையன், ஃபெர்கஸாம்,
"இது கார்டுக் கடனைக் கார்டுக்கு மாற்றுகிற கார்டு,
ஓவர்டிராஃப்டைத் தொடாது" என்றான்.
கடனுக்கும் வம்சாவளி பார்க்கிறார்கள், பைலட்.
"உங்களுக்கு வேண்டியது வேறு.
காசைக் கணக்கிலேயே கொண்டுவந்து போடும்.
கட்டணம் நூற்றுக்கு நாலு."

எழுபத்தாறு பவுண்டு.
கவுன்சில் வரிக் கடிதத்தின் முதுகில் போட்டுப் பார்த்தேன்:
பழைய இடத்தில் ஐந்து வார வட்டி.
ஆறாவது வாரத்திலிருந்து லாபம் எனக்கு.

"ஒரு குழி தோண்டி இன்னொன்றை மூடுகிறாய்" என்றாள் டைவா,
யோசனை சொன்னவளே.
இருக்கட்டும். இந்தக் குழி
நான் தூங்கும்போது தன்னைத் தானே தோண்டிக்கொள்ளாது.
மாதம் நூற்றுப் பத்து. ஞாயிறு ஷிப்ட் இரண்டு கூடுதல்.

செவ்வாய் காலை பஸ்ஸில் போனைத் திறந்தேன்.
0.00
எண்ணுக்கு முன்னால் மீன்முள்போலக் குத்திக்கொண்டிருந்த
அந்தச் சின்னக் கோட்டைக் காணோம்.
இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.
ஒரு சைபரைப் போய் யாராவது இப்படிப் பார்ப்பார்களா?

அதற்குக் கீழேயே, பொடி எழுத்தில்:
"நீங்கள் இன்னும் இரண்டாயிரம் பவுண்டு செலவிடலாம்."
மூடிய குழிக்குப் பக்கத்திலேயே
மண்வெட்டியைச் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

வட்டி குட்டி போடும் என்பார்கள். இது நிஜக் குட்டி.
அன்று மதியமே டைவா படம் காட்டினாள்,
அவள் தங்கை வீட்டில் ஆறு விப்பெட்கள்,
கண் திறந்து நாலு நாள்.
ஒன்றுக்கு உன் காது.

பொய் சொல்ல மாட்டேன், நெடுநேரம் பார்த்தேன்.

தேநீர் இடைவேளையில் வங்கியைக் கூப்பிட்டு
வரம்பை எடுத்துவிடச் சொன்னேன்.
"முழுவதுமா மேடம்? ஒரு அவசரத்துக்கு?"
அந்த இடத்தில் என் தைரியம் கொஞ்சம் நொண்டியது.
"நூறு இருக்கட்டும்" என்றேன்.

புதுக் கார்டை உன் கழுத்துப்பட்டை கிடக்கும்
பிஸ்கட் டப்பாவில் வைத்தேன், பட்டையின் மேல்.
மூடினேன். மறுபடி திறந்து
அடியில் வைத்தேன்.

முதல் தவணை மார்ச் மூன்று.
இந்தக் கற்பலகையை நேராக்கிவிட்டு உள்ளே போகிறேன்.
கொஞ்சம் நகர்ந்துகொள்.