ஏழாவது கேள்வி

இத்திட்டத்தில் சேர விரும்புவது ஏன்?
மூன்று வரிகளுக்கு மிகாமல் எழுதவும்.

'சுற்றுச்சூழல் மீதுள்ள ஆர்வம்' என்று
முதலில் எழுதியவன் மகிமைராஜ்.
அவனைப் பார்த்து அஞ்சலாட்சி,
அஞ்சலாட்சியைப் பார்த்து நான்.
இருபத்திரண்டு பேருக்கும் ஒரே ஆர்வம்,
ஒரே எழுத்துப்பிழையோடு.

உண்மை வேறு.
நாளொன்றுக்கு முந்நூற்றைம்பது,
மதியம் சாம்பார் சாதம்.
இணைப்பு: வருமானச் சான்று.
ஆண்டுக்கு அறுபதாயிரம் என்று
தாசில்தார் கையெழுத்திட்டிருந்தார்.
அவ்வளவு எங்கே வருகிறது என்று
அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ராசாப்பேட்டைக்கு மேற்கே, உப்பனாற்றுச் சேறு.
மீன் முள் மாதிரி வெட்டணும் என்றார் வாட்சர்,
நடுவில் ஒரு வாய்க்கால்
இருபுறமும் சாய்வாய்க் கிளைகள்.
நெத்திலி முள்ளா வஞ்சிரம் முள்ளா
என்று கேட்டாள் பர்கத் நிஷா.
கொஞ்சம் யோசித்து
கெளுத்தி என்றார்.

மண்வெட்டி எங்களுக்குப் புதிதில்லை.
அதைத் தொடாமலிருக்கத்தான்
கல்லூரிக்கே அனுப்பினார்கள்.
வீட்டில் யாரும் இதைச் சொல்லவில்லை.
அப்பா மட்டும் ஒருநாள் என் உள்ளங்கையை
ரேஷன் கார்டு பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
தேங்காயெண்ணெய்ப் புட்டியை
என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வத்தத்தில்தான் வேலை.
வத்தம் தினமும் முக்கால் மணி தள்ளிப் போகும்,
கூடவே சோறும் தள்ளிப் போகும்,
கடைசி பஸ் மட்டும் தள்ளிப் போகாது.
கத்திரி வெயிலில்
காற்று திரும்பியதை சிப்காட் நாற்றம் சொல்லும்.
செருப்பை வாங்கிய சேறு திருப்பித் தராது.
கந்துக்காரனைவிட மோசம் என்பான் மகிமைராஜ்,
அவனுக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நாள்
வாய்க்கரையை வெட்டித் திறந்தோம்.
ஓதம் வந்தது.
பெரிதாக ஒன்றுமில்லை,
அரிசி களைந்த தண்ணீர் போல,
முன்னால் ஒரு ஷாம்பு பாக்கெட்.
கிளைக்குக் கிளை நின்று நின்று நுழைந்தது.
என் கிளையில் நுழையவில்லை.
அரையடி மேடு விட்டிருக்கிறேன்.
எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க
இடுப்பளவு இறங்கிக் கையாலேயே பறித்தேன்.
முழங்கையைத் தாண்டித் தண்ணீர் போனபோது
ஏதோ கத்தினேனாம்,
அஞ்சலாட்சி சொல்கிறாள்.
வேலை நேரம் முடிந்து இருபது நிமிடம்
ஆகியிருந்தது பிறகுதான் தெரிந்தது.
பஸ்ஸும் போயிருந்தது.

அப்புறம் நட்டோம், ஆளுக்கு அறுபது கண்டல்.
என் பதினேழாவதை நண்டு நறுக்கியது.
வேறொன்று வைத்தேன்,
அதையும் நறுக்கியது.
அந்த நண்டுக்கு நான் வைத்த பெயரை
இங்கே எழுத முடியாது.
மூன்றாவதைச் சுற்றி மூங்கில் சிம்பு நட்டேன்.

ஜூனில் பணம் வரவில்லை.
ஃபீஸுக்குக் கடைசி நாள் வந்தது.
அம்மாவின் தோடு போனது.
ஆகஸ்டில் பணம் வந்து தோடு திரும்பியது.
வட்டிக்கு நான்கு நாள் கூலி.
எந்த நான்கு நாள் என்று
பஸ்ஸில் உட்கார்ந்து பொறுக்கிப் பார்த்தேன்.
பத்தொன்பதை எடுத்து வைத்துவிட்டேன்.

இந்த வருஷமும் அதே விண்ணப்பம்.
மகிமைராஜ் இல்லை,
ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட்.
பார்த்து எழுத ஆளில்லாமல்
ஏழாவது கேள்வியில் பேனா நின்றது.

பதினேழாவது இருக்கிறதா என்று பார்க்கணும்,
என்று எழுதினேன்.
மீதி இடத்தில்,
பணமும் வேண்டும்.